வாடைக்கால அலைகள்

மார்கழி மாதத்தில் எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலின் விடியல் இரண்டு ஒலிகளால் ஆனது. ஒன்று, பாடலாத்ரி நரசிம்மர் சன்னிதியின் ஒலிபெருக்கியிலிருந்து எழும் திருப்பாவை. மற்றொன்று, ஒரகடம் சாலையில் ஷிப்ட் மாறும் தொழிலாளர்களை ஏற்றியும் இறக்கியும் செல்லும் கம்பெனி பஸ்களின் இரைச்சல். பல்லவர் காலக் குடைவரைக்கும் இருபத்தோராம் நூற்றாண்டின் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளுக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டையும் ஒரு மேம்பாலத்தையும் வைத்துக்கொண்டு வாழும் ஊர் இது. கடலுக்கும் இந்த ஊருக்கும் வெளிப்படையாக ஒரு தொடர்பும் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மார்கழிக் காலையில் என் பழைய மாணவன் ஒருவனின் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். மகன் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவன். பட்டம் வாங்கியபின் ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்த அந்த அம்மாள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்கு முன்னயே கோவளத்துக்குக் கெளம்பிடறான் சார். ஒரு பலகையைக் காலுல கட்டிக்கிட்டு அலையில விழறானாம். எங்க ஊரு ஏரியில செத்தவங்களையே எண்ணி முடியல, இதுல கடலு வேறயா? வெயில் காலத்துல போனாலும் பரவாயில்ல, இந்தப் புயல் மாசத்துல போறான். நீங்க சொன்னா கேப்பான்."

நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான், எதைச் சொல்லித் தடுப்பது என்றே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. நெய்தல் திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். ஆனால் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பைக்கின் பின்னிருக்கையில் நானும் ஏறிக்கொண்டேன். இக்கட்டுரை அந்தப் பயணத்தில் தொடங்கியது.

*

மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், கேளம்பாக்கம் என்று இருளில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. பனியில் என் காதுகள் மரத்துப்போயின. கோவளத்தில் இறங்கித் தேநீர்க் கடையில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவன் சிரித்தான். "பைக்ல வர்றதுதான் சார் குளிரு. தண்ணிக்குள்ள போயிட்டா வெதுவெதுன்னு இருக்கும்."

அவன் சொன்னது உண்மை. மார்கழி, தை மாதங்களிலும் சென்னைக் கரையோரக் கடல்நீர் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. உலகின் பிற கடற்கரைகளில் குளிர்கால அலைச்சறுக்கு என்பது வேறு பொருள் கொண்டது. ஸ்காட்லாந்தின் வடமுனையில் உள்ள தர்சோவிலும், நார்வேயில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் இருக்கும் உன்ஸ்டாட் என்ற சிற்றூரிலும் பனி மூடிய கரையிலிருந்து ஐந்தாறு பாகை நீருக்குள் இறங்குகிறார்கள். அவ்வாறு இறங்க முடிவதற்கே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்காக 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் நியோபிரீன் ரப்பரால் உடை ஒன்றை வடிவமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த ஜாக் ஓநீல் அத்தகைய உடைகளை அலைச்சறுக்குக்காரர்களிடையே பரப்பினார். உடம்புக்கும் உடைக்கும் நடுவே தேங்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பின் சூடே வெதுவெதுப்பாக்கிவிடும். ரப்பரில் உள்ள நுண்ணிய காற்றுக் குமிழ்கள் அந்தச் சூட்டை வெளியே விடுவதில்லை. குளிர்ந்த கடல்கள் விளையாட்டுக்குத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

நம் கரையில் குளிர்காலம் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. பழந்தமிழர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டனர். மீனவர் வழக்கில் கச்சான், சோழகம் என்ற பெயர்களும் வழங்குகின்றன. கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய பருவங்களைப் பிரிவின் வேதனையோடு இணைத்தது நம் இலக்கியம். பத்துப்பாட்டில் ஒரு பாட்டுக்கு வாடைக்காற்றே பெயராக அமைந்தது. அந்த வாடையைப் பாசறையிலும் அரண்மனையிலும் வைத்துப் படித்துவந்த எனக்கு, கடலின்மேல் அது என்ன செய்கிறது என்ற கேள்வி எழுந்ததே இல்லை.

மாணவன் விளக்கினான். அலைச்சறுக்குக்கு உகந்தது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்று. அது அலையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, சரிவை வழவழப்பாக்கி, உடையும் கணத்தைத் தள்ளிப்போடும். கோடை மாதங்களில் விடியற்காலையில் நிலக்காற்று அப்படித்தான் வீசுகிறது. முற்பகலில் கடற்காற்று தொடங்கும்வரை சில மணி நேரம் கிடைக்கும். மேலும் ஏப்ரல், மே முதல் செப்டம்பர் வரை தென்பெருங்கடலின் புயல்களில் பிறந்த அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பதினைந்து வினாடி இடைவெளி விட்டு, வரிசையாக வந்து சேர்கின்றன. வாடைக்காலத்திலோ அலைகள் பக்கத்திலேயே, வங்கக் கடலின் காற்றிலேயே பிறக்கின்றன. இடைவெளி குறைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கலாக வருகின்றன. கரையோர நீரோட்டமும் திசை மாறுகிறது. கோடையில் வடக்கு நோக்கி இழுத்துச் சென்ற மணலையும் மனிதனையும் இப்போது தெற்கு நோக்கி இழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் எவரும் இறங்குவதில்லை. இரண்டு தாழ்வுநிலைகளுக்கு நடுவே, காற்று ஓய்ந்து கடல் கண்ணாடியாகும் ஓரிரு காலைகள் கிடைக்கும். அவற்றுக்காகத்தான் காத்திருப்பு.

"வெயில் காலத்துல நெறைய பேரு வருவாங்க சார். போட்டி நடக்கும், பாட்டுக் கச்சேரிகூட நடக்கும். இப்போ வர்றவங்கதான் நிஜமா வர்றவங்க" என்றான். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பேயிலும் இதே கதைதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலகத்தார் கூடும் அந்தக் கரையை வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் விட்டுவிட்டு, அவர்கள் தீவின் தென்மேற்கில் உள்ள வெலிகம, ஹிக்கடுவ கரைகளுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சுபவர்கள் உள்ளூர்க்காரர்கள். குளிர்காலம் என்பது கடற்கரையின் சொந்தக்காரர் யார் என்று காட்டிவிடும் பருவம் போலும்.

*

வீடு திரும்பிய பின் பழைய நூல்களைப் புரட்டினேன். சோழமண்டலக் கரையின் வாடைக்காலம் வரலாற்றில் விட்டுச் சென்ற தடங்கள் வியப்பூட்டுபவை.

1639-இல் பிரான்சிஸ் டே கிழக்கிந்தியக் கும்பினிக்காகத் தேர்ந்தெடுத்த மதராசப்பட்டினத்துக்குத் துறைமுகமே கிடையாது. திறந்த கடலும், கரையை ஓயாமல் அறையும் அலைகளுமே இருந்தன. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் விலகி நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே கிடந்த அந்த உடையும் அலைகளின் வரிசைகளை ஐரோப்பியரின் எந்தப் படகாலும் கடக்க முடியவில்லை. ஆணியடித்து இறுக்கிய படகு, அலை அறையும்போது மணலில் மோதிப் பிளந்துவிடும். அதைக் கடந்தவை இரண்டு உள்ளூர்க் கலங்கள். ஒன்று, ஆங்கிலேயர் மசூலா என்று அழைத்த படகு. ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. அலை அறைந்தால் முறியாமல் நெளிந்து கொடுக்கும். மற்றொன்று கட்டுமரம். மிதக்கும் மரத்துண்டுகள் மூன்று நான்கைக் கயிற்றால் பிணைத்தால் தீர்ந்தது. அதற்குள் நீர் புகுவதற்கு "உள்" என்பதே இல்லாததால் அது மூழ்குவதும் இல்லை.

ஆளுநர்களும் படைத்தலைவர்களும் மணப்பெண்களும் வெள்ளிப்பெட்டிகளும் துணிமூட்டைகளும் மசூலாப் படகுகளில்தான் கரையேறின. எந்த அலையின் முதுகில் ஏறுவது, எந்த அலையை விட்டுவிடுவது, எப்போது துடுப்பை நிறுத்துவது என்பதெல்லாம் படகோட்டிகளின் கணிப்பு. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை எடுப்பதற்கு கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே வருவார்கள். கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்க முடியாத நாட்களில், கப்பலுக்கும் கோட்டைக்கும் இடையே கடிதங்களைத் தலையில் கட்டிய நீர்புகா ஓலைத் தொப்பிக்குள் வைத்து எடுத்துச் சென்றவர்களும் அவர்களே. அலையில் தூக்கி எறியப்பட்டு, காணாமல் போய், மறு கணம் அதே மரத்தின்மேல் முழந்தாளிட்டபடி தோன்றும் இந்த மனிதர்களைப் பற்றி எழுதாத ஐரோப்பியப் பயணி அரிது. கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தக் கலத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிட்டார். அதில் செல்பவனின் கால்கள் எப்போதும் நீரிலேயே இருப்பதையும் கவனித்து எழுதினார்.

ஒரு மரத்தின்மேல் முழந்தாளிட்டு, உடையும் அலையைத் தேர்ந்து, அதன் சரிவில் ஏறிக் கரைக்கு வருவது: இதற்கு இன்று உலகம் வழங்கும் பெயர் அலைச்சறுக்கு.

இந்த இடத்தில் எனக்கு நானே ஓர் எச்சரிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. உலகின் எல்லாவற்றையும் தமிழன்தான் முதலில் செய்தான் என்று எழுதிவிடும் ஆசை நம் துறையில் எளிதாகத் தொற்றும் நோய். அலையேறும் கலை எந்த ஓர் இனத்துக்கும் தனியுரிமை அல்ல. பெரு நாட்டின் ஹுவான்சாக்கோ மீனவர்கள் கோரைப்புல்லால் கட்டிய சிறு கலத்தில் பன்னெடுங்காலமாக அலைகளின்மேல் கரை திரும்புகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளிலும் சிறுவர்கள் பலகைகளோடு அலையில் ஆடியதைப் பழைய பயணிகள் எழுதியுள்ளனர். நின்றபடி ஏறும் கலையை அரசர் முதல் எளியோர் வரை ஆண், பெண் இருபாலரும் பயிலும் பெருங்கலையாக வளர்த்தெடுத்தவர்கள் பசிபிக் தீவினர், அதிலும் குறிப்பாக ஹவாயினர். 1778-79-இல் கேப்டன் குக்கின் கப்பல்களில் ஹவாய் சேர்ந்தவர்கள் அதைக் கண்டு திகைத்து எழுதினார்கள். 1820-க்குப் பின் வந்த மதப்பரப்புநர்களின் வெறுப்பாலும், அதைவிடக் கொடிய தொற்றுநோய்களாலும் தேய்ந்த அக்கலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டது. ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு 1914-15-இல் ஆஸ்திரேலியாவில் அதைச் செய்துகாட்டினார்.

நம் கட்டுமரக்காரனுக்கும் ஹவாய்க்காரனுக்கும் இடையே உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. ஹவாயில் அது விளையாட்டாகவும் இருந்தது. இங்கே அது உழைப்பாக மட்டுமே பார்க்கப்பட்டது.

*

வாடைக்காலம் வந்ததும் மதராசின் வாழ்வே நின்றுவிடும். அக்டோபர் நடுவில் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடி இறக்கப்படும். கப்பல்கள் இனி இங்கே நிற்கக்கூடாது என்பதற்கான அறிகுறி அது. டிசம்பர் நடுவில்தான் மீண்டும் ஏறும். இந்த விதியை மீறியவர்கள் பட்ட பாட்டுக்கு 1746 சான்று. அந்தச் செப்டம்பரில் மதராசைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, பேரம் பேசியபடி அக்டோபர் நடுவரை தன் கப்பல்களோடு இங்கேயே தங்கினார். அக்டோபர் 13-ஆம் நாள் இரவில் எழுந்த புயலில் அவருடைய கப்பல்கள் பலவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களும் அழிந்தனர். கோட்டையை வென்றவரை வாடை வென்றது. 1761 புத்தாண்டு விடிந்தபோது இதே கதி புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கு நேர்ந்தது.

நாங்கள் தேநீர் குடித்த கோவளமும் இந்தக் கதைக்குள் வருகிறது. 1720-களில் அங்கே ஆஸ்டெண்ட் கும்பினியின் வணிகக்கூடம் இருந்தது. பின்பு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கோவளம் கோட்டையை 1752-இல் ராபர்ட் கிளைவ் புதிதாகச் சேர்ந்த படையாட்களைக்கொண்டு பிடித்தார். அதே வேகத்தில் எங்கள் ஊருக்கு அடுத்துள்ள செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று தொடக்கத்தில் எழுதியதை இங்கே திருத்திக்கொள்கிறேன். அந்தப் படை நடந்த நிலத்தின் ஊடாகத்தான் என் மாணவனின் பைக் ஞாயிறுதோறும் எதிர்த்திசையில் போகிறது.

துறைமுகம் கட்டுவது அந்தப் படகோட்டிகளின் தேவையை ஒழிப்பதுதான். 1860-களில் இரும்புத் தூண்களின் மேல் கடற்பாலம் ஒன்று நீண்டது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கற்கரைகளுக்குள் கடலை அடைக்கும் வேலை தொடங்கியது. அந்தக் கரைகள் முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அவற்றைச் சிதைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுக வாயிலின் திசையை மாற்றியமைத்த பிறகு அது நிலைத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்தைக் கடல் அரித்தது. மசூலாப் படகு மெல்ல மறைந்தது. அலையைக் கடக்கும் அறிவுக்குக் கூலி கொடுக்க ஆளில்லாமல் போயிற்று.

கட்டுமரம் மீன்பிடிக் கலமாக மேலும் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது. ஆனால் அதன் பெயர் முன்பே கப்பலேறிவிட்டது. 1876-இல் அமெரிக்காவில் நதானியேல் ஹெர்ரஷாஃப் வடிவமைத்த இரட்டை உடற்பாய்க்கலம் பந்தயத்தில் வென்றது. அந்த வகைக் கலங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் கட்டுமரத்தின் திரிபுதான். கட்டு என்பதும் மரம் என்பதும் அவற்றில் இல்லை. பெயர் போன இடத்தில் பொருள் போகவில்லை. பொருள் இருந்த இடத்தில் இப்போது பெயர்கூட அருகி வருகிறது. 1980-களிலிருந்து பரவத் தொடங்கிய கண்ணாடியிழைப் படகுகள், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த உதவித்திட்டங்களோடு கரையெங்கும் நிறைந்தன. இயந்திரம் பூட்டிய படகு மீனவனின் உடலுழைப்பைக் குறைத்தது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆயினும் காலால் அலையை அறிந்த தலைமுறை ஒன்று அத்துடன் கரையேறி உட்கார்ந்துவிட்டது.

*

அலைச்சறுக்கு இந்நாட்டுக்குப் புதிய வடிவில் திரும்பி வந்த வழி சுவையானது. அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் 1970-களில் இந்தியா வந்து வைணவத் துறவியானவர். 2004-இல் கர்நாடகத்தின் முல்கியில் அவருடைய ஆசிரமத்தைச் சார்ந்து இந்தியாவின் முதல் அலைச்சறுக்குக் குழு உருவாயிற்று. அவருடைய துறவுப் பெயரில் நரசிங்கர் இருக்கிறார் என்பதை அறிந்தபோது, நரசிம்மரின் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. 2011-இல் இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு தோன்றியது.

கோவளத்தில் அது வேறு முகம் கொண்டது. அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன், உடைந்த மரப்பலகைகளில் அலையாடிப் பழகிய குப்பத்துப் பிள்ளைகளுள் ஒருவர். வெளிநாட்டார் சிலரிடம் பலகையைக் கண்டு, தாமாகவே பயின்று, 2012-இல் நண்பர்கள் துணையோடு அங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இலவசப் பயிற்சி; படிப்பை விடக்கூடாது, குடிக்கக்கூடாது என்பது நிபந்தனை. 2013-இல் தொடங்கிய கோவளம் விழாவுக்குத் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் பலமுறை வந்து அலையேறினார். மாமல்லபுரத்துக் கரையில் பலகை பழகிய கமலி என்ற சிறுமியையும் அவளைத் தனியே வளர்த்த தாயையும் பற்றிய ஆவணப்படம் 2019-இல் வெளிவந்து உலகைச் சுற்றியது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அளவிலான தகுதிப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே கரையில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அப்போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் நுழைந்த இவ்விளையாட்டு, 2026 ஆசிய விளையாட்டிலும் சேர்க்கப்பட்டது.

இவையெல்லாம் செய்தித்தாளில் வருபவை. என் மாணவன் செய்தித்தாளில் வரமாட்டான். அவனுக்குச் சொந்தப் பலகை இல்லை, வாடகைக்கு எடுக்கிறான். ஆறு நாள் ஆலையில் நின்ற கால்களோடு ஏழாம் நாள் அலையில் நிற்கப் பார்க்கிறான். நான் பார்த்த அன்று இரண்டு மணி நேரத்தில் அவன் நின்றது நான்கு முறையோ ஐந்து முறையோதான். மற்ற நேரமெல்லாம் நுரைக்குள் உருண்டான், அல்லது பலகைமேல் உட்கார்ந்து கிழக்கே பார்த்தபடி காத்திருந்தான்.

அந்தக் காத்திருப்பில்தான் ஆபத்தும் வந்தது. கரையில் நின்ற எனக்குத் தெரியாமலே நீரோட்டம் அவனைத் தெற்கே பாறைகள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, "வாடையில தெக்கால இழுக்கும். பையன் நேரா கரைக்கு வரப் பாக்குறான், வர முடியாது. குறுக்கால போகச் சொல்லு" என்று தண்ணீரில் இருந்த பயிற்சியாளரை நோக்கிக் குரல் கொடுத்தார். அந்த இளைஞர் நான்கே வீச்சில் அவனை நெருங்கி, இழுப்புக்கு எதிராக அடிக்காமல் குறுக்கே துழாவச் சொல்லி, உடையும் அலைகளின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். அலை அவனைக் கரையில் போட்டது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் இருக்கும். என் வாய் உலர்ந்துவிட்டது.

பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் கட்டுமரம் ஓட்டியவர். பயிற்சியாளர் அவருக்குப் பேரன் முறை. "நாங்க வயித்துக்குப் போனோம். இவனுங்க வெளையாடப் போறானுங்க. கடலு ஒண்ணுதான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நாங்களும் வெளையாடித்தான் இருப்போம். யாரும் அப்படிச் சொல்லல, அவ்ளோதான்" என்றும் சொன்னார்.

*

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்று ஒரு பகுதி உண்டு. இந்திர விழாவின் இறுதியில் புகார் நகரத்தார் கடலாடச் செல்கிறார்கள். கடலில் விளையாடுவதற்கு நம் மொழியில் பழஞ்சொல் ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அங்கே ஆடுகிறவர்கள் நகரத்துச் செல்வர், பரதவர் உழைக்கிறவர்கள். மதராசின் அலைகளிலும் அதே பிரிவினைதான். படகில் அஞ்சி அமர்ந்திருந்தவர்களின் பெயர்கள் நாட்குறிப்புகளில் உள்ளன; அவர்களைக் கரைசேர்த்தவர்களுக்கு அங்கே பெயர் இல்லை. பொழுதுபோக்கு என்பது பொழுது உடையவனின் உரிமையாக இருந்த நெடுங்காலம் அது.

கோவளத்தில் நான் கண்டது அந்தப் பிரிவினையில் விழுந்த ஒரு சிறு விரிசல். கடலைத் தொழிலாக மட்டுமே காணப் பணிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை அதில் விளையாடுகிறான், கற்றும் கொடுக்கிறான். கடலே இல்லாத ஊரில் பிறந்து, தன் பொழுதை ஷிப்ட் கணக்கில் விற்றுவிட்ட ஒருவன், விற்காமல் மிச்சம் வைத்த ஒரே காலையை அவனிடம் கற்கக் கொண்டுவருகிறான். பணத்துக்காகவும் அல்ல, பதக்கத்துக்காகவும் அல்ல. போட்டியும் கூட்டமும் இல்லாத வாடைக்காலத்தில் இது மேலும் துலக்கமாகத் தெரிகிறது. இது பெரிய சமூகமாற்றம் என்று நான் வாதிடமாட்டேன். கடற்கரை நிலத்தின் விலை ஏறும் வேகத்தில், அந்தப் பேரப்பிள்ளைகளின் பலகைகளுக்கும் தாத்தாக்களின் வலைகளுக்கும் இடம் எவ்வளவு காலம் எஞ்சும் என்பது தனிக் கேள்வி. ஆனால் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவரின் ஒற்றைக் குரலில் முந்நூறு ஆண்டுக்கால அறிவு ஒன்று அழியாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த அறிவு இனி வாழ வேண்டுமானால் விளையாட்டாகத்தான் வாழ முடியும் என்று தோன்றுகிறது.

அன்று மாலை அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். நடந்ததை மறைக்கவில்லை. நீரோட்டம் இழுத்ததையும் சொன்னேன், மீட்டதையும் சொன்னேன். மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். போகக்கூடாது என்று நான் சொல்வேன் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். நான் சொன்னது இவ்வளவே: தனியாக இறங்கக்கூடாது, கூண்டு ஏறிய நாளில் கரைப்பக்கமே போகக்கூடாது, வலை பிரிக்கும் பெரியவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

அந்த அம்மாள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "அந்தப் பெரியவரு ஞாயித்துக்கிழமையில எப்பவும் அங்க இருப்பாராடா?" என்று கேட்டார்.

"இருப்பாரும்மா" என்றான்.

"அப்போ அடுத்த வாரம் நானும் வரேன். அவரைப் பாக்கணும்" என்றார்.